தங்கராசுக்கு ஓய்வு கொடுத்தவர்கள்

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, தங்கராசுக்கு ஓய்வு அளிக்கப்பட்டுவிட்டதாக எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். 'உங்கள் பாத்திரம் தொடர்ந்து மூன்று அமர்வுகளில் பங்கேற்கவில்லை. புதிய பதிப்பின் விதிகளின்படி அது ஓய்வுபெற்றோர் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இத்தனை நாள் எங்களுடன் பயணித்ததற்கு நன்றி.' கீழே ஒரு டிராகன் படம். அது சிரித்துக்கொண்டிருந்தது.

தங்கராசு என் மாமனோ சித்தப்பாவோ அல்ல. உயிரோடு இருந்தவனும் அல்ல. இருபத்தைந்து வருடங்களாக நான் நடத்திவரும் ஒரு கற்பனை ஆள். கேடயம் தூக்குபவன். ஒரு காது கிடையாது. அது ஒரு பாலத்தின் மேல் போனது, அந்தக் கதை இங்கே வேண்டாம். என் அப்பாவின் ஃபோர்மேன் பெயரை அவனுக்கு வைத்தேன். அடி வாங்குகிற வேலை அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும் என்று இருபத்துமூன்று வயதில் எனக்குத் தோன்றியது.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். 'குகை வாசலுக்கு வந்துவிட்டீர்கள், உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது' என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை மனிதராக இருந்து, உள்ளே போகிறேன், கல்லை எறிகிறேன், ஓடுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். எதற்கு எவ்வளவு விழ வேண்டும் என்பதற்கு ஒரு தடித்த விதிப் புத்தகம் உண்டு. ஜெயிப்பவர் கிடையாது. முடிவும் கிடையாது, அடுத்த வாரம் தொடரும். எங்கள் வீடுகளில் இதற்கு 'தாயம்' என்று பெயர். 'பசங்க மாடில தாயம் ஆடுதுங்க' என்பார் பாஸ்கரின் அம்மா. திருத்திப் பார்த்து, பிறகு விட்டுவிட்டோம். விளையாட்டின் நிஜப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், எனக்கு இல்லை.

2

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் பக்கம் மண்ணூர்பேட்டையில் நாங்கள் மூன்று பேர். பாஸ்கர் தொழிற்பேட்டையில், அச்சும் கருவியும் செய்யும் ஒரு டூல் ரூமில் அப்ரண்டிஸ். சாதிக் ஏசி மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்தான். நான் ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு, வேலைக்கு விண்ணப்பிப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தேன்.

பாஸ்கரின் கம்பெனிக்கு இயந்திரம் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். மாலைகளில் விருந்தினர் விடுதியில் தனியாக உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருப்பார். சூதாட்டம் என்று நினைத்துச் சேர்ந்துகொள்ளப் போனான் பாஸ்கர். அது சூதாட்டம் அல்ல என்று தெரிந்ததும் அவனுக்கு ஏமாற்றம். என்னவென்று தெரிந்ததும் அடுத்த நாளே எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனான். மூன்று வாரம் ஆடினோம். டெக்னீஷியன் திங்கட்கிழமை கிளம்புகிறார் என்றதும், ஞாயிற்றுக்கிழமை அவருடைய விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சாதிக்கின் மாமா வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம்.

பாதியில் கரண்ட் போனது. மூன்று மணி நேரம் கழித்து வந்தபோது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்பதை மாமா உத்தேசமாக முடிவு செய்தார். புத்தகம் சொந்தக்காரரோடு விமானம் ஏறிய பிறகுதான், எங்கள் பிரதியில் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அடுத்து நூற்றுப்பதிமூன்றாம் பக்கம் வருவதைப் பார்த்தோம்.

"போச்சா?" என்றான் சாதிக்.

"இன்னாத்துக்குப் போவுது? நான் அத்த மொத்தமும் படிச்சிட்டேன். மண்டைல கீது. எய்தித் தர்றேன் உடு" என்றான் பாஸ்கர்.

ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். கோடு போட்ட நோட்டில் பதினாறு பக்கம், ஊதா மையில், பக்க எண்களோடு எழுதிக் கொண்டுவந்தான். அதையும் நடுவில் வைத்துத் தைத்து பைண்டிங் செய்துகொண்டோம். பகடை எங்கேயும் கிடைக்கவில்லை. பாஸ்கரே பட்டறையில் பித்தளையில் ஒன்று செய்து பார்த்தான். எத்தனை முறை எண்ணினாலும் பத்தொன்பது முகம்தான் வந்தது. சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். கதை நடத்துபவருக்குப் புத்தகத்தில் ஏதோ பெரிய பட்டம் இருந்தது. நாங்கள் பாஸ்கரை 'கண்டக்டர்' என்றோம். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது அவன் கையில்தானே இருந்தது.

3

அந்தக் கையெழுத்துப் பக்கங்களில் நூற்று நாலாம் பக்கம்தான் எங்களுக்கு உயிர்.

ஆட வராதவனின் ஆள் சாகமாட்டான் என்றது அது. அவனை வேறு யாரும் எடுத்து ஆடவும் கூடாது. அவன் கூடாரத்தில் நெருப்பருகே உட்கார்ந்திருக்கிறான் என்று கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் தொடங்கும்போது கண்டக்டர், "நெருப்பாண்ட யார் கீறாங்க?" என்று கேட்பான். காலி இடத்துக்கு இடது பக்கம் இருப்பவன் அந்த ஆளின் பெயரைச் சொல்லி, அவன் சார்பில் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும். அந்த வாக்கியத்தை மற்றவர்கள் அன்றைய ஆட்டத்துக்குள் ஒரு தடவையாவது மதித்து நடக்க வேண்டும்.

முதல் வருடமே சாதிக்கின் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். சாதிக் நாலு மாதம் வரவில்லை. அவனுடைய மந்திரவாதி நெருப்பருகே உட்கார்ந்திருந்தான். சாதிக் திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. மந்திரவாதி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான், ஆட்டம் தொடர்ந்தது.

பிறகு நான் ஜெர்மனிக்கு வந்தேன். முதல் நாலு வருடம் இணையத்தில் முகம் பார்த்து ஆடும் வசதி எங்களுக்குக் கைகூடவில்லை. தங்கராசு நெருப்பருகே போனான். அவனுக்காகப் பேசும் பொறுப்பு சாதிக்குடையது. அந்த நாலு வருடம் தங்கராசு என்ன சொன்னான் என்று ஒருமுறை ஊருக்குப் போனபோது கேட்டேன்.

"வாரா வாரம் ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். 'குளுருது'ன்னுவான்."

"நாலு வருசமுமா?"

"நீ போன்ல வேற எதுனா பேசினியா?"

விதியை மதிக்க வேண்டுமே. நாலு வருடமும் பாலைவனம், எரிமலை என்று எங்கே போனாலும் அந்தக் கும்பல் ஒரு கட்டு விறகைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது.

4

இங்கே என் சனிக்கிழமை இப்படி. காலையில் துணி துவைப்பது. நான் இருக்கும் கட்டடத்தில் அதற்கு நேர அட்டவணை உண்டு. பிறகு கடை. பிறகு ரசம். ஊரில் மாலை ஐந்து மணி ஆகும்போது இங்கே மதியம் ஒன்றரை, மடிக்கணினியைத் திறந்துவிடுவேன். இந்த நாட்டில் குளிர்காலம் நெருங்கும்போது அரசாங்கமே எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும். அப்போது ஐந்து மணி என்பது இங்கே பன்னிரண்டரை ஆகிவிடும். பதினான்கு வருடமாக இதைப் பார்க்கிறேன், திரையில் ஆடத் தொடங்கிய பத்து வருடமாக நான் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் உட்காருகிறேன். "அண்ணாத்தே வந்துட்டாரு, கேடயத்த எடுத்துக் குடு" என்பான் சாதிக். அவ்வளவுதான் தண்டனை.

நான் தவறவிட்ட மூன்று சனிக்கிழமைகளில் ஒன்று இந்தக் கடிகாரத்தால் போனது. புதிய பதிப்புக்கான இணையதளம் முதல் அரை மணிக்குள் வருகைப் பதிவேட்டை மூடிவிடுமாம். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவன் வராதவன்தானாம். மற்றொன்று, பதினாறு வயதான என் மகள் கயலின் பள்ளி நிகழ்ச்சி. அவள் மூன்று நிமிடம் மேடையில் இருந்தாள், நான் நாலு மணி நேரம் நாற்காலியில் இருந்தேன்.

மூன்றாவது, வெளிநாட்டினர் அலுவலகம். என் வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி திரையை நெடுநேரம் பார்த்தார். அவர்கள் அமைப்பை மாற்றிவிட்டார்களாம். என் பழைய எண் புதிய அமைப்பில் இல்லை. "நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் நீங்கள் இல்லை" என்றார், மிகுந்த அனுதாபத்தோடு. பதற்றத்தில் நான் அவரை மரியாதைப் பன்மையை விட்டுவிட்டு 'நீ' என்று அழைத்துவிட்டேன். பதினான்கு வருடம் இங்கே இருந்ததற்கான சான்றுகளை வரிசைப்படி அடுக்கிக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் வாடகை ரசீதும் மின்கட்டண ரசீதும் தரையில் பரப்பி, நான் இருக்கிறேன் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இன்னொரு கணினி, நான் இல்லை என்று முடிவு செய்திருக்கிறது.

5

மின்னஞ்சல் வந்த அன்றே பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

"டேய், தங்கராசுக்கு யார்ரா ஓய்வு குடுத்தது?"

"கம்ப்யூட்டர் குடுத்துது. நான் இன்னா பண்ண?"

"புதுப் பதிப்புக்கு மாறுற பட்டன யார் அமுக்குனது?"

"நான்தான். எல்லாரும் பேசி முடிவு பண்ணோம்."

"எல்லாரும்னா?"

"நான், சாதிக், நிவேதா."

"அப்ப நான்?"

"நீதான் மூணு வாரமா வர்லியே நைனா."

எனக்கு வந்த கோபத்தை முதலில் நிறுவனத்தின் பக்கம் திருப்பினேன். அது பாதுகாப்பான பக்கம். சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்கள் அதே விளையாட்டைப் புது அட்டை போட்டுக் கொண்டுவருகிறார்கள். போன பதிப்பில் எதையெல்லாம் புனிதம் என்றார்களோ, அதையெல்லாம் இப்போது பிழை என்கிறார்கள். கேடயம் தூக்குபவன் என்ற ஆள்வகையையே எடுத்துவிட்டார்கள். யாரும் விரும்பி எடுப்பதில்லையாம். உலகத்தில் கேடயம் தூக்குபவனை யார் விரும்பி எடுத்தார்கள்? அது அமைந்துவிடுவது. காகிதத்தில் ஆடிய காலத்தில் அவர்கள் என்ன அச்சடித்தாலும் எங்கள் பைண்டிங் எங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தது. எனக்காக, நான் தூரத்திலிருந்து ஆட வேண்டும் என்பதற்காகத்தான், எல்லா ஆட்களையும் அவர்களுடைய தளத்தில் ஏற்றினோம். ஏற்றிய பிறகு வீடு அவர்களுடையது, சாமான் மட்டும்தான் நம்முடையது. ஒரு நாள் காலையில் வந்து சுவரை இடிக்கிறார்கள். இடித்துவிட்டு நன்றி சொல்கிறார்கள்.

இது எங்கள் மேஜையோடு நிற்கவில்லை. நான் இருக்கும் ஊரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருபது வருடமாக ஒரே கழகமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது பழைய பதிப்புக்குச் செவ்வாய், புதிய பதிப்புக்கு வியாழன் என்று பிரிந்துவிட்டார்கள். ஒரே அலமாரிக்கு இரண்டு பூட்டு. இணைய மன்றங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள் துரோகி என்கிறார்கள், கிழம் என்கிறார்கள். பாகப்பிரிவினையில் கூட இவ்வளவு மனக்கசப்பு வராது. அங்கே பிரிக்க நிஜமாகவே ஏதாவது இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்தேன். ஆடுவதற்கு அல்ல, பேசுவதற்கு. திரையில் பாஸ்கர் வீட்டு மாடி, மூன்று பேர். சாதிக்குக்கு இப்போது ஆவடியில் சொந்தக் கடை. நிவேதா கரூர்க்காரப் பெண், கோவில்பதாகையில் ஒரு அடுக்ககத்தில் இருந்துகொண்டு மென்பொருள் கம்பெனிக்குப் போகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் எங்களோடு சேர்ந்தாள். அவள் வந்த முதல் நாள் நான் இங்கிருந்து அரை மணி நேரம் அவளைக் கேள்வி கேட்டேன். விஷப் பொறியை எப்படிக் கண்டுபிடிப்பது, மூன்றாம் நிலை மந்திரவாதிக்கு எத்தனை மந்திரம். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பாஸ்கரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, என்னையும் கேட்டதில்லை.

நான் தயாரித்துவைத்திருந்ததைப் பேசினேன். மனிதத்தன்மை பற்றிப் பேசினேன். வராதவனை நெருப்பருகே உட்கார வைத்த பதிப்பு எங்கே, மூன்று வாரத்தில் பட்டியலை விட்டுத் தள்ளும் பதிப்பு எங்கே என்றேன். ஒரு காலத்தில் இந்த விளையாட்டை எழுதியவர்களுக்கு ஆள் இல்லாத நாற்காலியின் வலி தெரிந்திருந்தது என்றேன். "நூத்தி நாலாம் பக்கம். போய் எடுத்துப் பாருங்க. அத எழுதினவன் மனுசன்."

சாதிக் தலையைச் சொறிந்தான். "இன்னா மச்சான், இவ்ளோ தமிழு பேசற?"

நிவேதா கேட்டாள்: "அந்தப் பக்கத்த அச்சுல எப்பவாச்சும் பாத்துருக்கீங்களாண்ணா? இங்க இருக்கறது கையெழுத்துங்களே."

"பாஸ்கர் பாத்து எழுதினதும்மா அது."

"டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு பாஸ்கர் எழுந்து கீழே போனான். அன்று அவன் திரும்பி வருவதற்குள் என் இணையம் நின்றுவிட்டது. நானே நிறுத்தினேன் என்றும் சொல்லலாம்.

6

கயல் வியாழக்கிழமைக் கட்சி. அதாவது என் மகள், என் வீட்டில், என் ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, புதிய பதிப்பை, ஜெர்மன் மொழியில், ஜெர்மன் பிள்ளைகளோடு ஆடுகிறாள். நான் சொல்லிக்கொடுத்து அவள் கற்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்க முயன்ற வருடங்களில் அவளுக்கு வேறு வேலை இருந்தது. அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் அரசு அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறாள்.

"அப்பா, நீங்கள் கோபமாக இருப்பது அந்தக் கம்பெனி மேலேயா, பாஸ்கர் மாமா மேலேயா?"

"கம்பெனி மேல."

"கம்பெனிக்கு உங்களைத் தெரியாது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நிவேதாவின் கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைக் கட்சியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எல்லாப் பதிப்புகளையும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார் என்று கயல் சொன்னாள். எங்கள் ஆங்கிலப் பதிப்பும் உண்டாம். கட்சி மாறி உள்ளே போய், நூற்று நாலாம் பக்கத்தைப் படம் எடுத்து வரச் சொன்னேன். அதை நிவேதாவுக்கு அனுப்பி வாயை அடைக்க வேண்டும் என்பது என் திட்டம். கயல் படம் எடுக்கவில்லை. தபால்காரரிடம் கெஞ்சி, திருப்பித் தருவதாகக் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தையே ஒரு வாரத்துக்கு வாங்கிவந்துவிட்டாள்.

சமையல் மேஜையில் வைத்துப் பிரித்தோம். தொண்ணூற்றாறு எனக்கு மனப்பாடம். முதன்முறையாகத் தொண்ணூற்றேழைப் பார்த்தேன். கயிறு. எத்தனை அடிக் கயிறு எவ்வளவு எடை தாங்கும். தொண்ணூற்றெட்டு, விளக்குகள். அடுத்து கோவேறு கழுதைகள், படகுகள், கூடாரத் துணியின் வகைகள். பதினாறு பக்கமும் சாமான் பட்டியல். நூற்று நாலில் பீப்பாய்கள். அதன் அடியில், சின்ன எழுத்தில், ஒரு குறிப்பு: ஆட்டக்காரர் இரண்டு முறை வராவிட்டால் அவருடைய பாத்திரத்தை நடத்துநர் தம் விருப்பப்படி நீக்கிவிடலாம்.

கயல் அதை இரண்டு முறை படித்தாள். "அப்பா, புதிய பதிப்பு மூன்று முறை தருகிறது."

7

பாஸ்கருக்குப் பீப்பாய்ப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான். இந்தப் பதினான்கு வருடத்தில் அவனாக என்னைக் கூப்பிட்டது குறைவு. ஐஎஸ்டி என்றால் அவனுக்கு இன்னமும் பயம்.

"முப்பது பக்கம் படிச்சிருப்பேன்டா. என் இங்கிலீசு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப நோட்டுல எழுதினது?"

"நானா எய்தினதுதான். மொதல்ல சும்மா கத்தி, வில்லுன்னு எதையோ எய்திகினு இருந்தேன். அப்பதான் சாதிக்கோட நைனா ஆஸ்பத்திரில படுத்தாரு. அவன் வர்றதில்ல. ஒருநாளு நீ இன்னா சொன்ன, ஞாபகம் கீதா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"மந்திரவாதிய சாவடிச்சிட்டு வேற ஆளு சேத்துக்கலாம், ஆட்டம் நின்னுகினு கீதுன்ன. எனக்கு ஒரு மாரி ஆயிட்ச்சி. ஒன்னாண்ட நேரா வேணாம்னு சொன்னா நீ கேக்க மாட்ட, நீதான் படிச்சவன். புக்குல போட்டிருக்குன்னா கேப்ப. ஊட்டுக்கு வந்து நூத்தி நாலு எய்தினேன்."

போன வாரம்தான் அதே ஆட்களிடம் ஆள் இல்லாத நாற்காலியின் வலி பற்றிப் பேசியிருந்தேன்.

கோபத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, இடம் காலியானால் வேறு இடத்துக்குப் போய்விடும். "அப்ப ஏன்டா புதுசுக்கு மாறுன? நீ எழுதினதுதான் நம்ம ஆட்டம். அத ஏன்டா நீயே தூக்கிப் போட்ட?"

"டேய், இருபத்தஞ்சு வருசமா நானே கதவு வெச்சி, நானே பின்னால பூதம் வெச்சி, நானே தொறந்து உட்டுகினு கீறேன். நீங்கள்லாம் ஆடறீங்க. மொத மூணு வாரத்த உட்டா நான் என்னிக்குடா ஆடினேன்? நிவேதா நடத்தறேன்னு சொல்லிச்சி. ஒருவாட்டியாவது நான் ஆடணும்."

"பழைய பதிப்புலயே நடத்தச் சொல்லேன்."

"பழசு எங்கடா கீது? பாதி ஜெராக்சு, பாதி என் மண்ட. என் மண்டயத் தொறந்து படிச்சா அந்தப் பொண்ணு நடத்தும்? கேட்டுப் பாத்திச்சி பாவம். ஒரு நோட்டு வாங்கி மூணு நாளு கேள்வியா கேட்டுச்சி. ஒவ்வொண்ணுக்கும் நான் வேற வேற பதில் சொல்லிகினு கீறேன். புதுசுன்னா கடைல கெடைக்குது. அதுவும் படிக்கும், நானும் படிப்பேன், ஒண்ணாவே கத்துக்கலாம்."

மன்றங்களில் பழைய பதிப்பின் மேன்மை பற்றி எழுதும் பெரியவர்கள் யாருமே இதைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இருபத்தைந்து வருடம் ஒரே பதிப்பில் ஆடுகிற மேஜையில் விதிகள் ஒரே ஆளின் தலைக்குள் போய்க் குடியேறிவிடுகின்றன. அவன் எழுந்தால் மேஜையும் எழுந்துவிடும். அதனால் அவனை யாரும் எழ விடுவதில்லை. அதற்கு நாங்கள் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தோம்.

"நீ இல்லன்னா நாங்க ஆடிகினு கீறோம், அது ஒண்ணும் நிக்காது" என்றான் பாஸ்கர். "ஆனா நான் ஆடறப்போ நீ இருக்கணும்னு பாக்கறேன். ஒன் இஷ்டம்."

8

புதிய பதிப்பை வாங்கினேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. நிறுவனத்துக்கு நான் எழுதிய புகார்க் கடிதத்தையும் அதே நாளில் அனுப்பினேன்: ஒருவரின் இருபத்தைந்து வருடத்தை அவரிடம் கேட்காமல் பட்டியல் மாற்றும் உரிமையை யார் கொடுத்தார்கள், கடிகாரம் மாறும் நாட்டில் அரை மணி விதி என்ன நியாயம், கேடயம் தூக்குபவன் என்ன பாவம் செய்தான். பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு டிகிரி கூடக் குறையவில்லை. வாசகர்கள் கவலைப்பட வேண்டாம்.

தங்கராசை வேறு வகைக்கு 'மாற்றிக்கொள்ள' ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தவில்லை. அவனைப் பட்டியலிலேயே இருக்கவிட்டு, முதல் நிலையில், கையில் ஒரு தடி மட்டும் இருக்கிற ஒரு புதிய ஆளைச் செய்துகொண்டேன். எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்று கயல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அவள் என்னோடு ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் தப்பாக நிரப்பியதில் சில வேண்டுமென்றே செய்தவை.

சனிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்குப் போய் உட்கார்ந்தேன். பாஸ்கர் அவனுடைய பழைய இடத்தில் இல்லை. அங்கே நிவேதா இருந்தாள், முன்னால் அட்டை மறைப்பு, அதன் பின்னால் குறிப்புகள். பாஸ்கர் சாதிக்கின் பக்கத்தில், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, முதல் நாள் பள்ளிக்கு வந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஆள் ஒரு திருடன், பெயர் முனுசாமி. பெயர் வைக்க மட்டும் இரண்டு வாரம் ஆனதாம்.

முதல் அரை மணியில் அவன் எல்லாத் தவறையும் செய்தான். காவலாளியிடம் போய்த் தான் திருடன் என்று அறிமுகம் செய்துகொண்டான். காலியான பெட்டிக்காகக் கிணற்றில் குதித்தான். "ஏன்டா, நீதான்டா எங்களுக்கு இதெல்லாம் பண்ணாதீங்கன்னு சொல்லுவ" என்றான் சாதிக்.

"அது வேறடா. அப்ப எனக்குத் தெரியும்ல."

பிறகு ஒரு நிலவறைக்கு வந்தோம். நிவேதா குரலைத் தாழ்த்தினாள். "முன்னால ஒரு கதவுங்க. மரக் கதவு. பூட்டு இல்ல. அந்தப் பக்கம் ஏதோ மெதுவா நகருது. நீங்க நின்ன உடனே அதுவும் நின்னுருச்சு."

பாஸ்கரின் கண், பழக்கத்தில், தன் முன்னால் இருந்த காகிதத்துக்குப் போனது. அதில் முனுசாமியின் பெயரும் ஒரு கயிறும் மட்டும் இருந்தன. நிவேதாவின் மறைப்பைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நேராகக் கேமராவுக்குள், என்னைப் பார்த்தான்.

"டேய். உள்ள இன்னாடா கீது?"

"எனக்கு எப்படிரா தெரியும்?"

"சும்மா சொல்றா. ஒனக்கு எதுனா தோணுதா?"

"சத்தியமா தெரியாது."

அவன் முகத்தில் வியர்வை இருந்தது. மாடியில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாற்பத்தெட்டு வயது ஆள், டூல் ரூம் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் மச்சான், தொறக்காத, திரும்பிப் பூடலாம்" என்றான் சாதிக்.

நான் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பாஸ்கர் பகடையைக் கையில் எடுத்தான்.